இரண்டாவது முறை வேறு மாதிரி வந்தது

மாட்டுக்கொட்டகையில் புல்லுக்கட்டைத் தூக்கக் குனிந்தபோது என் முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. அப்படியே சாணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் கரும்புக் கொல்லையில் இருந்தார். மகன் வெளியூரில் வேலையில் இருந்தான். வாய்விட்டுக் கத்தினேன்.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தது என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அப்படிக் கூப்பிட்டு அன்றைக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வில்லியனூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒரே மனையில் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். அவள் மீன் வறுத்தால் எனக்கு வாசனை வரும், என் மிக்சி ஓடினால் அவளுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது.

கொட்டகை வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?"

"முதுகுல ஏதோ ஒடைஞ்சிடுச்சுக்கா."

"அசையாத. அப்பிடியே இரு. தம்பிக்கு போன் போடறேன்."

தம்பி என்றது என் வீட்டுக்காரரை. அவர் வண்டியோடு வந்து சேரும்வரை என் தோளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு முன்பே ஏழெட்டு மாதமாக எனக்கு உடம்பு சரியில்லைதான். இடுப்பு வலி. துணி துவைத்துவிட்டு எழுந்தால் கண் இருட்டும். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வருவதற்குள் மூச்சு வாங்கும். ஐம்பத்திரண்டு வயது, மாதவிலக்கு நின்ற சமயம், பொம்பளைக்கு இதெல்லாம் வருவதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். முருங்கைக்கீரை தின்றேன், தைலம் தேய்த்தேன், வேலையும் பார்த்தேன்.

வில்லியனூரில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் வயதானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார்.

"எங்கேருந்தும்மா விழுந்தீங்க?"

"விழல சார். குனிஞ்சேன்."

"குனிஞ்சதுக்கெல்லாம் முதுகெலும்பு நசுங்காதே."

வலி மாத்திரை எழுதிக் கொடுத்து என்னை அவர் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்று கடிதம் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையாக நிறுத்தினால் அவர்தான் முதலில் நிற்பார்.

பாண்டிச்சேரி மருத்துவமனையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு லேடி டாக்டர் என்னையும் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து விவரம் சொன்னார். என் தங்கை வயதுதான் இருக்கும் அவருக்கு. மல்டிபிள் மைலோமா என்று பெயர் சொன்னார். எனக்கு அது ஏதோ பூச்சிமருந்தின் பெயர் மாதிரி இருந்தது. ஒரு தாளைத் திருப்பிப்போட்டுப் படம் வரைந்தார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிற அணுக்கள் உண்டாம். அதில் ஒன்று தடம் மாறி, தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் பெருகி, ஒன்றுக்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்குமாம். எலும்பை அரிக்கும், ரத்தத்தைக் குறைக்கும்.

"இதோ பாருங்கம்மா" என்று என் ரத்தப் பரிசோதனையின் வரைபடத்தைக் காட்டினார். மேடும் பள்ளமுமாகப் போன கோட்டின் கடைசியில் கரண்ட் கம்பம் மாதிரி ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. "இதுதான் அந்தப் புரதம். மருந்து வேலை செய்யுதான்னு இதை வெச்சுத்தான் பார்ப்போம்."

"இது கேன்சரா டாக்டர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. ரத்தத்துல வர்ற ஒரு கேன்சர். முழுசா ஒழிக்கிறது கஷ்டம். ஆனா அடக்கி வைக்கலாம். நல்லா அடக்கி வைக்கலாம்."

அந்த 'நல்லா'வைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் வயிற்றுத் தோலில் ஒரு ஊசி. தினமும் ஒரு கேப்ஸ்யூல், மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட வேண்டும். ஊசி போடும் நாளில் ஸ்டீராய்டு மாத்திரை, ஒரே சமயத்தில் பத்து. முதுகுக்கு பெல்ட். முதல் இரண்டு செவ்வாய் வீட்டுக்காரர் கார் பிடித்துக் கூட்டிப்போனார். மூன்றாவது வாரம் ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. வெட்டுகிற ஆட்களையும் லாரியையும் விட்டுவிட்டு அவர் நகர முடியாது. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அக்கா வாசலில் நின்றாள், கையில் கூடை, கூடையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு சின்னத் தலையணையும்.

"நான் கூட்டிக்கினு போறேன். தம்பி கரும்பப் பாக்கட்டும்."

"ஒனக்கு ஏன்க்கா செரமம்?"

"செரமம் எனக்குதானே. நீ கெளம்பு."

அவள் அப்படி வந்து நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரிய வேண்டுமானால் பேச்சு நின்ற கதையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரே மகள். ஏழு வயதில் அவளுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டாள், சரியானது, பிறகு வரவே இல்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது ஆனபோது செல்லிப்பட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பெண் பார்த்த அன்று, மாப்பிள்ளையின் அத்தை கை கழுவ எங்கள் பக்கத்துக் குழாய்க்கு வந்தாள். "பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "சின்னதுல வலிப்பு வந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல" என்றேன். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது.

பொய்யா சொன்னேன், இருந்ததைத்தானே சொன்னேன் என்று பதினோரு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் குழாயடியில் வாயைத் திறந்தபோது என் மனதில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அக்காவின் மகளுக்கு இவ்வளவு பெரிய இடமா என்ற எரிச்சலுக்குக் கிடைத்த சந்தோஷம். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

அதைவிட மோசமானது பின்னால் நடந்தது. மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சிறுநீரகம் கெட்டுப்போய் இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் ஓடியது. என் வீட்டுக்காரர் அண்ணனோடு போய் வருவார். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஒரு டம்ளர் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பவில்லை. அவர் இறந்தபோது சாவு வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அப்படிப்பட்ட எனக்குத்தான் அவள் தலையணை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

இரண்டு மாதத்தில் முதுகு கொஞ்சம் தேறியதும் பஸ்ஸில் போக ஆரம்பித்தோம். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. அங்கேதான் குலுக்கல் குறைவு என்று அக்கா கண்டுபிடித்திருந்தாள். மூலக்குளத்தில் எப்போதும் நெரிசல். ஒரு செவ்வாய், ஊசி முடிந்து திரும்பும்போது பஸ் அங்கே முக்கால் மணி நேரம் நின்றது. எனக்கு ஸ்டீராய்டு ஏறியிருந்தது. அந்த மாத்திரை போட்ட நாளில் எனக்குப் பசி அடங்காது, கோபம் அடங்காது, வாயும் அடங்காது. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்த வருடம் கரும்பு ஏன் இளைத்தது என்று பேசினேன். எங்கே எப்படித் திரும்பியது என்று தெரியவில்லை, குழாயடிக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அத்தை கேட்டதை, நான் சொன்னதை, சொன்னபோது மனதில் இருந்ததை, எல்லாவற்றையும் கொட்டினேன். மாமாவைப் பார்க்க வராததையும் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"இப்ப மாத்திர பேசுதா, நீ பேசறியா?"

"ரெண்டும்தான்க்கா."

"அப்ப மாத்திர போடாத நாள்ல ஒரு வாட்டி சொல்லு."

வெள்ளிக்கிழமை சொன்னேன். மாத்திரையின் வேகம் இறங்கி உடம்பு துவண்டு கிடக்கும் நாள் அது. அவள் தோட்டத்தில் அவரை பறித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பஸ்ஸில் சொன்னதில் பாதிகூட இல்லாமல், மெதுவாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த அவரைக்காயைக் கூடையில் போட்டாள்.

"சரி. கேட்டுக்கினேன். போய்ப் படு" என்றாள்.

மன்னித்தேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அன்று மதியம் அவரைக்காய்ப் பொரியல் ஒரு கிண்ணத்தில் வந்தது.

ஐந்தாவது மாதம் அந்தக் கம்பம் பாதியாகக் குறைந்தது. ஏழாவது மாதம் கோட்டில் ஒரு சின்ன மேடுதான் இருந்தது. அப்போதுதான் டாக்டர் ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிச் சொன்னார். என் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து உறைய வைத்துவிட்டு, பெரிய அளவில் மருந்து கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்து, பிறகு என் அணுக்களை எனக்கே திரும்பக் கொடுப்பது. தனி அறையில் மூன்று வாரம். கூட ஒருவர்தான் இருக்கலாம். அக்கா முகக்கவசமும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அணுக்கள் சின்னப் பையில் வந்தன, தக்காளிச் சாறு மாதிரி. அது உள்ளே இறங்க இறங்க அறை முழுக்க ஒரு வாடை.

"யாருடி இங்க பூண்டு உரிச்சது?" என்றாள் அக்கா.

நர்ஸ் சிரித்தார். அணுக்கள் கெடாமல் இருக்கப் போட்ட திரவத்தின் வாசனையாம். அது என் மூச்சில்தான் வருகிறதாம். இரண்டு நாள் நான் வாய் திறந்தாலே பூண்டு வாடை. பிறகு தலைமுடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, வாந்தியில் கிடந்தேன். கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக அவள்தான் ஊட்டினாள். பதினாறாவது நாள் வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன என்று சொன்னபோது, தேர்வு முடிவு கேட்ட மாதிரி இரண்டு பேரும் கைதட்டினோம்.

மூன்று மாதம் கழித்து வரைபடத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

"போயிடுச்சா டாக்டர்?"

"இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியல. உள்ள கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும்மா. என்னிக்காவது திரும்ப வரலாம். வந்தா போன தடவை மாதிரியே வரும்னும் சொல்ல முடியாது."

முதல் வாக்கியத்தோடு என் காது அடைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் பின்னால் ஞாபகம் வந்ததுதான்.

இரண்டே முக்கால் வருடம் நன்றாக இருந்தேன். தினம் ஒரு கேப்ஸ்யூல், மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் வழவழப்பான கோடு. முடி சுருட்டையாக முளைத்தது. பழைய ஊசியால் பாதங்கள் மரத்துப்போனது மட்டும் சரியாகவில்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பேன், அக்கா பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். மாடு வளர்ப்பதை விட்டுவிட்டோம். பாகூரில் என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கி, எல்லோருடனும் பேசிச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த மாதம் காபி பிடிக்காமல் போனது. பிறகு சோறு. வாயில் இரும்பை வைத்த மாதிரி ஒரு சுவை. காலையில் குமட்டும். பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு குடித்தேன். முந்தின மாதம்தான் ரத்தம் பார்த்திருந்தார்கள். கோடு வழவழவென்றுதான் இருந்தது. அதனால் நோய் ஞாபகமே வரவில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா கீரை கொடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"கண்ணுக்குக் கீழ ஏன் வீங்கியிருக்குது?"

"தூங்கி எழுந்தேன்ல."

"ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா?"

நான் யோசித்தேன். "ஆமாம். சோப்பு போட்ட மாதிரி நுரைக்குது."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

கீரைக்கட்டைத் தரையில் வைத்தாள். "அவருக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. கெளம்பு, டாக்டரப் பாக்கலாம்."

"போன மாசம்தானேக்கா பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்னு பேப்பருல இருக்குது."

"பேப்பரு கெடக்குது. கண்ணாடியில ஒன் மூஞ்சியப் பாரு."

அன்றைக்கு எங்களுக்கு முறை கிடையாது. ஆனாலும் நான் வாய் திறப்பதற்கு முன்பே அக்கா எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டாள், நுரை உட்பட. டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. சிறுநீரகத்துக்கான ரத்தமும், லைட் செயின் என்று இன்னொரு பரிசோதனையும் எழுதினார். மதியத்துக்குள் முதல் முடிவு வந்தது. கிரியாட்டினின் ஆறு. ஒன்றுக்குள் இருக்க வேண்டியதாம். அன்றே படுக்கை கொடுத்தார்கள். லைட் செயின் முடிவு இரண்டு நாளில் வந்தது. இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு.

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரும் அக்காவும் அந்தப் பக்கம் நின்றார்கள்.

"நோய் திரும்ப வந்திருக்கு. ஆனா மாறி வந்திருக்கு" என்றார். "முதல் தடவை அந்த அணுக்கள் முழுப் புரதமா செஞ்சுது. அதுதான் அந்தக் கம்பமா தெரிஞ்சுது. இப்ப வந்திருக்கறது பாதிதான் செய்யுது. ஒரு துண்டு. அதுக்குப் பேர்தான் லைட் செயின். துண்டு சின்னதுங்கறதால பழைய வரைபடத்துல தெரியல. சிறுநீரகத்துல போய் அடைச்சுக்குது."

"எப்படி டாக்டர் மாறும்?" என்றேன்.

"ஆரம்பத்துலயே எல்லா அணுவும் ஒரே மாதிரி இருக்காதும்மா. ஒரு குடும்பம் மாதிரி, கிளை கிளையா இருக்கும். நாம கொடுத்த மருந்து பெரிய கிளையை அழிச்சிடுச்சு. மருந்துக்கு அசையாத ஒரு சின்னக் கிளை ஒளிஞ்சு நின்னுது. அதுக்கு இடம் கிடைச்சதும் வளர்ந்துடுச்சு."

வீட்டுக்காரர் தலையாட்டினார். "களைக்கொல்லி அடிச்சா மத்த களை செத்துப்போயி கோரை மட்டும் நிக்குமே, அது மாதிரி."

"ரொம்ப சரி" என்றார் டாக்டர். "கோரைக்கு வேற மருந்து இருக்குல்ல? இதுக்கும் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. இரண்டே முக்கால் வருடத்தில் ஒரு நாள் மாத்திரை தவறியதில்லை. தப்பு எங்கே நடந்தது என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் போய் அலைந்ததாலா, வெளியே சாப்பிட்டதாலா?

"நீங்க ஒரு தப்பும் பண்ணல. மருந்தும் தப்பு பண்ணல. இந்த நோயோட குணம் இது."

இதைச் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்திருந்தார். என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். உபயோகமாக இருந்தது இது ஒன்றுதான்.

புது மருந்து வேலை செய்யும்வரை சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் தேவை என்றார்கள். அக்கா என் தள்ளுநாற்காலிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். டயாலிசிஸ் பிரிவின் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவள் கணவர் போனது வேறு மருத்துவமனை. ஆனால் உள்ளேயிருந்து வந்த மிஷின் சத்தமும் மருந்து வாடையும் ஒன்றுதான் போலிருக்கிறது.

"நான் உள்ள வரலடி. என்னால முடியாது."

"வேணாம்க்கா. நீ கீழ போயி டீ குடி."

என்னைப் படுக்க வைத்து, கழுத்தில் போட்டிருந்த குழாயை மிஷினோடு இணைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ இருப்பது போலத் தோன்றித் திறந்து பார்த்தேன். அக்கா கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் பாதத்தின் மேல் இருந்தது. எனக்கு அங்கே உணர்ச்சி இல்லாததால் அவள் எப்போது வந்து கை வைத்தாள் என்றே தெரியவில்லை.

அந்த நான்கு மணி நேரமும் அவள் மாமாவைப் பற்றித்தான் பேசினாள். தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால் அவர் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருப்பாராம். மிஷினில் படுத்துக்கொண்டே போனில் நெல் விலை விசாரிப்பாராம். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"ஒன் கருவாட்டுக் கொழம்பு அவருக்குப் புடிக்கும். நீ ஒரு நாள் வந்து எட்டிப் பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மூலக்குளத்தில் குடியிருக்கும் அக்காவின் மகள் தினமும் மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். செல்லிப்பட்டு சம்பந்தம் நின்ற இரண்டாவது வருடமே அவளுக்கு வில்லியனூர் மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆகி, இப்போது இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து அவளிடமும் பேச்சை எடுத்தேன்.

"சித்தி, அந்த மாப்ள மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல" என்று சிரித்தாள். "உப்பு கம்மியாதான் போட்டிருக்கேன், டாக்டர் சொன்ன மாதிரி. சாப்புடு."

புது மருந்து டிரிப்பில் ஏற வேண்டும். முதல் நாள் காலையில் போட்டது முடிய மாலையாகிவிட்டது. நடுவில் பல் தந்தியடிக்கக் குளிர் வந்து, நிறுத்தி, போர்த்தி, மறுபடி மெதுவாக ஆரம்பித்தார்கள். அன்று பணியிலிருந்த நர்ஸ் சாப்பாட்டு நேரத்திலும் என் பக்கத்தை விட்டுப் போகவில்லை. ஏழு டயாலிசிஸ் ஆயிற்று. எட்டாவது அன்று நாற்காலியில் உட்கார்ந்து தயாராக இருந்தபோது அந்த நர்ஸ் வந்தார்.

"அம்மா, இன்னிக்கு மிஷின் வேணாமாம். கிரியாட்டினின் தானா எறங்குது. டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

"நாளைக்கா?" என்றாள் அக்கா.

"நாளைக்கும் வேணாம். பாத்துக்கலாம்னு சொன்னாங்க."

அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அந்த ரூமுக்குப் போனவங்கள இனிமே வர வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லடி" என்றாள். பிறகு என் தலையை வாரிவிட்டாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிரியாட்டினின் இப்போது ஒன்றரையில் நிற்கிறது. லைட் செயின் ஒவ்வொரு மாதமும் இறங்கி, போன கோடையிலிருந்து சரியான அளவுக்குள் இருக்கிறது. இப்போது பழைய வரைபடம் மட்டும் பார்ப்பதில்லை, இரண்டும் பார்க்கிறார்கள். நோய் இன்னொரு முறை மாறலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வேறு புதுக் கிளை வரலாம், பழைய கிளையே திரும்பவும் வரலாம், புரதமே செய்யாத மாதிரிகூட வரலாம். எப்படி வந்தாலும் முதலில் மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து முடிவு செய்வோம், இன்னும் இரண்டு மூன்று வழி கையில் இருக்கிறது என்றார். இந்த முறை எல்லா வாக்கியங்களையும் கேட்டுக்கொண்டேன்.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உயரம் இரண்டு விரல் குறைந்துவிட்டது. குடம் தூக்க முடியாது. ரத்தம் கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும்வரை வீட்டில் யாரோடும் ஒழுங்காகப் பேச மாட்டேன். ஆனால் காலையில் காபி ருசிக்கிறது. அதற்கே நான் நிறையப் பேருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்ட நாளில், நான் இவ்வளவு காலம் இருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பக்கத்தில் அக்கா இருப்பாள் என்று சொல்லியிருந்தால் அதை இன்னும் நம்பியிருக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மருந்து ஏறி முடிந்ததும் டாக்டர் தாளைப் பார்த்தார். "அப்படியே இருக்கு. அடுத்த மாசம் வாங்க" என்றார். வெளியே நல்ல மழை. பஸ் ஸ்டாப் வரை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், தேங்கிய தண்ணீரில் நான் கால் வைத்துவிடாமல் இருக்க.

"ஊருக்குப் போயி ஆக்கித் துன்ன நேரமாயிடும். பொண்ணு வூட்ல எறங்கி சாப்ட்டுட்டுப் போலாமா? மீன் வாங்கியிருக்கறதா சொன்னா" என்றாள்.

"எனக்கு உப்பு கம்மியா வேணுமே."

"ஒனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருப்பா, வா."

மூலக்குளத்தில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. ரோட்டைக் கடக்க வழியில்லாமல் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, போங்கம்மா என்று கையைக் காட்டினார்.